கணக்கு டீச்சரின் கைகள்

இரண்டு கைகளையும் தொடைக்கடியில் அமுக்கி வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார் கணக்கு டீச்சர். எதிரே ஒரு சிறுமி, காகித வட்டத்தைச் சரியாக மூன்றாக மடிக்கத் தெரியாமல் கசக்கிக்கொண்டிருக்கிறாள். டீச்சர் உதட்டைக் கடிக்கிறார், பெருமூச்சு விடுகிறார், கையை மட்டும் வெளியே எடுப்பதில்லை.

"என் கை சும்மா இருக்காது சார். விட்டா அதுவே மடிச்சுக் குடுத்துடும். அப்புறம் அது என் கணக்கு, அவ கணக்கு இல்ல."

அவர் தோள்பையைக் கவிழ்த்தால் பாட்டில் மூடி, நூல்கண்டு, பொத்தான், உடைந்த தராசுத்தட்டு எல்லாம் கொட்டும். சீப்பு மட்டும் இருக்காது. நான் பக்கத்து அறையில் மொழிப்பாடம் நடத்துகிறவன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு டஜன் பிள்ளைகள் குதித்துக் குதித்து வாய்பாடு சொன்னால் இந்தப் பக்கம் எந்தச் செய்யுள் நிற்கும்? பலமுறை சண்டைக்குப் போயிருக்கிறேன். போன இடத்தில் நானும் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு, என்ன மனுஷி இவர் என்று மலைத்துப்போய்த் திரும்புவேன்.

அந்த வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் உண்டு. டீச்சர் அவளுக்கு வைத்த பெயர் வாயாடி. நாலைவிட எட்டு பெரியது, ஆகவே நாலில் ஒரு பங்கைவிட எட்டில் ஒரு பங்கு பெரியது என்பது வாயாடியின் தீர்மானம். பரீட்சைத் தாள் முழுக்க அதே கதை. ஒரு வகுப்பு கீழே இறக்கிவிடலாம் என்றார் தலைமையாசிரியை.

"ஒரு வாரம் பொறுங்க மேடம். அவளுக்குத் தாகம் எடுக்கட்டும்" என்றார் டீச்சர். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

விளையாட்டு முடிந்து பிள்ளைகள் வேர்க்க விறுவிறுக்க வந்தார்கள். மேசைமேல் ஒரே அளவில் இரண்டு பாட்டில் தண்ணீர். ஒன்று நாலு பேர் வரிசைக்கு, மற்றது எட்டு பேர் வரிசைக்கு. "எந்த வரிசை வேணுமோ நில்லுங்க" என்றார் டீச்சர். வாயாடி எட்டுக்கு ஓடினாள். கிடைத்த தண்ணீரில் தொண்டைகூட நனையவில்லை. பக்கத்து வரிசைக்காரியின் தம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எல்லோருக்கும் வயிறு முட்டத் தண்ணீர் கொடுத்தார் டீச்சர். விளக்கம் மட்டும் கொடுக்கவில்லை. மறுநாள் நாலு பேர் வரிசையில் முதல் ஆள் வாயாடிதான்.

வாரக் கடைசியில் தலைமையாசிரியை வந்தார்.

"எது பெருசு? நாலுல ஒரு பங்கா, எட்டுல ஒரு பங்கா?"

"நாலுல ஒண்ணு."

"அதெப்படி? எட்டுதானே பெருசு?"

வாயாடி தலையைக் குனிந்துகொண்டாள். போச்சு என்று நினைத்தேன். டீச்சரின் கைகள் தொடைக்கடியில் இன்னும் உள்ளே போயின. எனக்கே எழுந்து போய்ச் சொல்லிக் கொடுத்துவிடலாம் போலிருந்தது.

அவள் மெல்ல எழுந்து போனாள். நாலு தம்ளரை ஒரு வரிசையாகவும் எட்டை இன்னொரு வரிசையாகவும் வைத்தாள். இரண்டு பாட்டில்களையும் தலைமையாசிரியை கையில் கொடுத்தாள்.

"நீங்களே ஊத்திப் பாருங்க மேடம்."

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.