தெருவெல்லாம் குண்டு மிளகாய்

கீழப்பழுவூரை ஒட்டிய அந்தக் காலனித் தெருவுக்கு அடிபம்பு வந்த வருசம்தான் இருசம்மாள் கொல்லையில் மிளகாய் போட்டாள். பம்பு அவள் வீட்டு மூலையில் நின்றது. குடம் கழுவிய தண்ணீரும் வழிந்த தண்ணீரும் தெருவில் சேறாகிக் கிடப்பதைப் பார்த்தவள், மண்வெட்டியால் ஒரு வாய்க்கால் கீறி அதைத் தன் கொல்லைக்குத் திருப்பிவிட்டாள். விதை அவள் பிறந்த ஊரான அரும்பாவூரிலிருந்து வந்தது. இந்தப் பக்கத்தில் எல்லோரும் போடுவது நீள மிளகாய். இதுவோ கோலிக்குண்டு போல உருண்டை.

அவர்களுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. புருசன் சாமிதுரை சுண்ணாம்புக் காளவாயில் கல் சுடும் வேலை பார்த்தான். அவள் பண்ணைக்காரர் வயலுக்குக் களை எடுக்கவும் காய் பறிக்கவும் போவாள். வேலைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் கிடைக்கிற நேரம்தான் கொல்லைக்கு. அடுப்புச் சாம்பலை இலை மேல் தூவுவாள். இலை சுருண்ட செடியைத் தயவு பார்க்காமல் பிடுங்கிக் கொண்டுபோய் எரித்துவிடுவாள். தை பிறந்ததும் செடி கொள்ளாமல் பழுத்தது. காம்போடு கிள்ளி, நிழலில் குவித்து நிறம் ஏறவிட்டு, பிறகு வாசலில் பாய் விரித்துக் காயப் போட்டாள்.

அந்தச் சிவப்புதான் வினையாகிப் போனது.

பண்ணையின் காரியஸ்தர் நல்லதம்பி சைக்கிளில் அந்த வழியாக வந்தவர், வாசலைப் பார்த்துக் காலை ஊன்றி நின்றார்.

"ஏன்டி, உனக்கு ஏது இவ்வளவு மொளகா? காய் பறிக்க வந்து மடியில கட்டிக் கட்டி எடுத்தாந்தியா?"

தெரு கூடிவிட்டது. இருசம்மாளுக்கு முகம் எரிந்தது.

"கொல்லைக்கு வந்து பாத்துட்டுப் பேசுங்க."

அந்தத் தெருவில் எந்த வீட்டுக்குள்ளும் கால் வைக்கிறவர் இல்லை அவர். அசையாமல் நின்றார். அவள் விறுவிறுவென்று உள்ளே போய், காய்த்துக் குலுங்கிய ஒரு செடியை வேரோடு பிடுங்கி வந்து சைக்கிளுக்கு முன்னால் போட்டாள். வேர் மண் அவர் செருப்பு வரை சிதறியது.

"உங்க வயலு காயி வெரல் நீளம். இது குண்டு. நல்லா பாத்துக்கங்க."

"சரி சரி, கண்ணுல பட்டுச்சு, கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பெடலை மிதித்தார்.

அவர் போய்விட்டார், சொல் போகவில்லை. பக்கத்து வீட்டு வேம்பு ஆறுதலாக வந்து உட்கார்ந்து, "வுடு இருசு, நமக்கு இது புதுசா?" என்றாள். அந்த ஆறுதல்தான் இருசம்மாளை இன்னும் சுட்டது.

"ஒரு வூட்டு வாசல் செவந்தா அவருக்குத் திருட்டுன்னு தோணுது. எல்லா வூட்டு வாசலும் செவந்தா என்ன சொல்லுவாரு?"

வேம்புவுக்கு அப்போது அது விளங்கவில்லை. இருசம்மாள் மறுநாளிலிருந்து அந்தப் பண்ணைக்குப் போகவில்லை. கிடைத்த வேறு வேலைக்குப் போனாள். காய்ந்ததில் நல்ல பழமாகப் பொறுக்கி விதைக்கென்று ஒதுக்கினாள். ஆடியில் உடைந்த பானைகளில் நாற்றுவிட்டு, புரட்டாசியில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தண்ணீருக்கு எங்கே போவது என்றவர்களைக் கூட்டி வந்து, பம்பு வாய்க்காலை ஒவ்வொரு கொல்லைக்கும் இழுத்துப் போகவைத்தாள். கொல்லை இல்லாதவர்கள் ஓட்டை வாளியிலும் எண்ணெய் டின்னிலும் நட்டார்கள். வேம்புவின் ஆடே வேம்புவின் செடிகளைத் தின்றுவிட்டது. இருசம்மாள் ஆட்டையும் திட்டி, வேம்புவையும் திட்டி, தன் கொல்லையிலிருந்து செடிகளைப் பெயர்த்து வந்து நட்டுக் கொடுத்தாள்.

மாசியில் தெரு முழுக்கச் சிவந்தது. நடக்க வழியில்லாமல் பாயும் சாக்குமாக மிளகாய் கிடந்தது. பாதி காய்ந்திருந்த நேரத்தில் யாரும் எதிர்பாராத மழை பிடித்துக்கொண்டது.

அள்ளி உள்ளே போட்டார்கள். ஆனால் ஈரக் கூரைக்குள் குவிந்த மிளகாய் புழுங்கத் தொடங்கியது. அங்கங்கே தோல் வெளுத்தது. பச்சையாக நின்ற காய்களையாவது காப்பாற்றலாமென்று பெண்கள் கீறி உப்பில் போட்டார்கள். மோருக்கு வழியில்லாத வீடுகளில் புளித்த நீராகாரத்தில் ஊறவைத்தார்கள். பழத்துக்கு வெயில் வேண்டுமே. ஒரு வருசப் பாடு கண்ணெதிரே அழுகுவதைப் பார்த்து வேம்பு அழுதுவிட்டாள்.

இருசம்மாள் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு காளவாய்க்கு நடந்தாள். சுட்ட கல்லில் ஈரம் பட்டால் வெந்து நீறிப் பொடியாகிவிடும் என்பதால், அதைப் போட்டு வைக்க அங்கே சொட்டு ஒழுகாத தகரக் கொட்டகை இருந்தது. அதன் ஒரு பக்கம் காளவாய்ச் சுவரே, எந்நேரமும் சூடு.

மிளகாயை அங்கே உலர்த்திக்கொள்ளலாமா என்று அவள் கேட்டதுமே முதலாளி உத்திராபதி முடியாதென்று தலையை ஆட்டினார். "அந்த நெடியில ஆளுங்க எப்படிம்மா வேலை பாப்பாங்க?"

"காலமெல்லாம் காளவாய்ப் பொகையைத் தின்னவங்கள மொளகா நெடி என்னங்க பண்ணிடும்?"

சாமிதுரை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். உத்திராபதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சுண்ணாம்புப் பக்கம் ஒரு சொட்டு ஈரம் போவக் கூடாது. ஆமாம், சொல்லிட்டேன்."

தெருவே உரச் சாக்கைப் போர்த்துக்கொண்டு மிளகாயைக் கூடை கூடையாகச் சுமந்து வந்தது. கொட்டகையில் கல்லை ஒருபுறம் ஒதுக்கி, சுவரோரம் பாய் விரித்துப் பரப்பினார்கள். சூடு ஏற ஏற நெடி கிளம்பியது. காளவாய் ஆட்கள் துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு தும்மினார்கள், இருமினார்கள், இருசம்மாளை வாய் ஓயாமல் வைதார்கள்; ஒருவரும் எடுத்துப் போகச் சொல்லவில்லை. அவள் கண்ணீர் வழிய முறை வைத்துக் கிளறிக்கொண்டிருந்தாள். ஒன்றை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்ப்பாள். உள்ளே விதை கலகலத்தால்தான் கூடைக்குப் போகும்.

மழை விட்டபோது கொஞ்சம் வெளுத்து வீணாகியிருந்தது. மற்றதெல்லாம் நல்ல சிவப்பாகத் தேறியது. அவரவர் பங்கைப் பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டிப் பரணில் ஏற்றினார்கள். அந்த வருசம் அந்தத் தெருவில் யாரும் மிளகாய்க்காகக் கடைக்குப் போகவில்லை. அரியலூரில் கட்டிக்கொடுத்த மகள்களுக்கும் பை பையாகப் போயிற்று. மறு அறுவடையில் தெரு சிவந்து கிடந்தபோது நல்லதம்பி சைக்கிளில் வந்தார். மிளகாயை மிதிக்காமலிருக்க இறங்கி, உருட்டிக்கொண்டே போனார்.

அடுத்த ஆடி வந்ததும் வேம்பு யாரிடமும் கேட்காமல் தன் விதையைத் தானே எடுத்து நாற்றுவிட்டாள். இருசம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"நெருக்கமா தூவிட்ட. கலைச்சு வுடு" என்று மட்டும் சொல்லிவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.