மீசைப் பாம்புக் காசு

எங்கள் வீட்டில் வெள்ளி என்றால் கொலுசு, கொலுசு என்றால் சோறு. கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீட்டின் முன்னறைதான் அப்பாவின் கொலுசுப் பட்டறை. அங்கே பழைய வெள்ளியை உருக்குவது அம்மாவின் தம்பி, என் மாமா. எங்களோடேயே இருந்தார், எங்கள் சோற்றைத் தின்றார். அதனால் அப்பா பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

உருக்க வரும் வெள்ளியில் எப்போதாவது ஒரு சீனக் காசு கிடக்கும். அந்தக் காலத்தில் மலேயா போய் வந்தவர்கள் கொண்டுவந்தது. மாமா அதை நெருப்பில் போடமாட்டார். தன் கூலியிலிருந்து அதே எடை வெள்ளியை ஈடாக வைத்துவிட்டு எடுத்துக்கொள்வார். அப்படிப் பவுடர் டப்பாவில் நான்கு சேர்ந்திருந்தன. அதில் ஒன்று சீனத்துக் கடைசி ராஜாக்கள் காலத்தது, லேசில் கிடைக்காதது. அம்மாடி, என்ன அழகு! மேகங்களுக்கு நடுவே மீசை வைத்த பாம்பு ஒன்று காலும் நகமுமாகச் சுருண்டிருக்கும். காசு முழுக்க மயில்கழுத்து நிறத்தில் கருமை ஏறியிருக்கும். மத்தியான வெயிலில் மாமா அதைத் திருப்பத் திருப்ப, பாம்பு மேகத்துக்குள் நீந்தும். நானும் அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் போய்வருவேன்.

போனில் படம் பார்த்துவிட்டு, பழங்காசு சேர்க்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் அதை விலைக்குக் கேட்டார். பட்டறைக்குப் புது மெஷின் வாங்கிவிடலாம் என்று அப்பாவே முடிவுசெய்துவிட்டார். மாமா ஒரு நாள் முழுக்க அந்த டப்பாவைத் திறந்து திறந்து மூடினார். பிறகு, "ஆகட்டுங்க மச்சான்" என்றார்.

கோயம்புத்தூர்க்காரர் வருகிற காலை, மாமா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரும், கொலுசு தேய்க்கும் பிரஷும், மீசைப் பாம்பும் தயாராக இருந்தன.

"நல்லாத் தேய் சாமி. ஊட்டுக்கு வாரவருக்குப் பளபளன்னு இருக்கோணும்."

எங்கள் தெருவில் எந்த வெள்ளியும் தேய்க்காமல் கைமாறாது. எனக்கு ஒரே குஷி. நுரை பொங்கப் பொங்கத் தேய்த்தேன். மயில்கழுத்து கரைந்தோடி, பாம்பு வெள்ளை வெளேரென்று எழுந்தது.

வந்தவர் லென்ஸை வைத்துப் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது.

"அடக் கொடுமையே, தேச்சுப் போட்டீங்களே! அந்தப் பழங்கருமைக்குத்தானுங்க விலையே. இனி இது வெறும் வெள்ளிதானுங்க."

காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார். யார் வேலை என்று அப்பா கேட்டதும் பெருமையாகக் கையைத் தூக்கினேன். முதுகில் பளாரென்று விழுந்தது.

"புள்ளை தெரியாமப் பண்ணிருச்சுங்க மச்சான், உடுங்க" என்று மாமா குறுக்கே வந்தார். என்னைப் பார்த்த பார்வை கெஞ்சியது. பாவம், மாமாவுக்கும் விவரம் தெரியவில்லை, அவரும் ஏன் திட்டு வாங்கவேண்டும் என்று, வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

சாயங்காலம் மாமா எனக்குப் பரோட்டா வாங்கிவந்தார். பக்கத்தில் உட்கார்ந்து மீசைப் பாம்பை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது, உதட்டில் சிரிப்பும் இருந்தது. அவரைத் தேற்ற வேண்டும்போல் இருந்தது எனக்கு.

"மிச்சம் மூணையும் தேய்ச்சுத் தரட்டுமா மாமா?"

"ஐயையோ, அதெல்லாம் தொடாத சாமி!" என்று டப்பாவைப் பிடுங்கி மூடினார்.

எனக்குக் கை வலிக்குமே என்றுதான் இப்படிப் பதறுகிறார் என்று நினைத்தேன். அடிபட்ட முதுகோடு அவர் தோளில் சாய்ந்துகொண்டேன்.