மாமன் காலில் வந்த கடுகு

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது மாமன் ஒரு வித்தை காட்டுவார். அம்மாவின் ஒரே தம்பி, பனியன் கம்பெனியில் டெய்லர். பவர் டேபிள் என்கிற கரண்ட் தையல் மெஷினை மிதிக்கிற வலது பாதத்தின் மேல் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு, அதன் உச்சியில் சின்னதாக ஒரு துளை. அழுத்தினால் கன்னங்கரேலென்று கடுகு மாதிரி ஒன்று வெளியே வரும். எந்தச் சாமியார் வாயிலிருந்து லிங்கம் எடுத்தால் எனக்கென்ன, எங்கள் மாமன் காலிலிருந்தே கடுகு எடுத்தார்.

பொங்கலூர்க் காட்டில் களை வெட்டும்போது வேலிக்காத்தான் முள் ஏறிய இடம் அது. விளைகிற காட்டுக்குள் செருப்போடு போவது எங்கள் பக்கம் மரியாதையில்லை. கம்பெனியிலோ துணி அழுக்காகுமென்று வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். ஆக, மாமனின் செருப்பு மட்டும் தேயாமல் சௌக்கியமாக இருந்தது.

வலியே இல்லை, அதுதான் வினை. தலைவலிக்கே மூன்று நாள் லீவு போடுகிற ஆள், வலித்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பார்.

"ஆருகிட்டயும் சொல்லப்படாது கண்ணு" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அவருக்கு நிச்சயமாகியிருந்த நேரம். காலில் கோளாறென்று பெண் வீட்டார் காதில் விழுந்தால் கல்யாணம் நின்றுவிடுமென்று பயம். வித்தைக்காரர்கள் ரகசியத்தை வெளியே விடமாட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன். விழுந்த கடுகுகளைப் பொட்டு டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டேன்.

வீக்கம் ஏறிக்கொண்டே போகவும், அம்மா அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். நானும் ஒட்டிக்கொண்டேன். அன்றைக்கென்று துளை பொருக்குத் தட்டி மூடியிருந்தது.

"இதுல இருந்து கறுப்பா, குருணையாட்டம் ஏதாச்சும் வருதுங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"இல்லீங்க. செருப்புக் கடிச்சதுங்க."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "நீ ஏதாச்சும் பாத்தியா கண்ணு?"

டப்பா என் கவுன் பையில்தான் இருந்தது. மாமன் என்னையே பார்த்தார். இல்லையென்று தலையாட்டினேன்.

களிம்போடு அனுப்பிவிட்டார்கள். கல்யாணமும் ஜாம்ஜாமென்று நடந்தது. மூன்று வருஷம் கழித்து, கோயமுத்தூரில் மாமனின் காலைக் கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள். மண்ணிலிருக்கும் பூஞ்சை முள்ளோடு உள்ளே போய், எலும்புவரை தின்றிருந்ததாம்; வெளியே வந்த கடுகு அந்தப் பூஞ்சையின் திரள்தானாம்.

"மொதல்லயே சொல்லியிருந்தா நானே கூட்டிட்டு வந்திருப்பனுங்களே" என்று மாமனைக் கட்டிக்கொண்டு வந்த அத்தை அழுதாள்.

களிம்பு வாங்கிய அன்று, ஆஸ்பத்திரி வாசலில் மாமன் எனக்குத் திராட்சை ஐஸ் வாங்கிக் கொடுத்து, "கெட்டிக்காரி" என்று கன்னத்தைக் கிள்ளினார். என் பையில் இருந்ததை டாக்டரம்மா எதற்காகக் கேட்டார் என்று விளங்காமல், சத்தியத்தைக் காப்பாற்றிய பெருமையில், நாக்கு ஊதாவாகும்வரை அதைச் சப்பிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.