பல்லடத்தில் இறக்கிய முடி

எங்கள் வீட்டில் அம்மா வெளியூர் போக இரண்டு காரணங்கள்தான் செல்லும். ஒன்று சாவு, இன்னொன்று சாமி. மகளிர் குழுவில் சேர்ந்த பிறகும் அதில் மாற்றமில்லை. குழுவில் மற்ற பெண்கள் வருஷம் ஒரு தடவை வேன் பிடித்து ஊட்டி, கொடிவேரி என்று போய்வருவார்கள். மறுநாள் அம்மா அவர்களிடம் கதை கேட்டு வந்து, தானே போய்வந்தவளைப் போல எனக்குச் சொல்வாள்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில், மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு தண்ணீர்ப் பூங்காவுக்குப் போவதாகக் குழுவில் முடிவானது. செயற்கை அலை அடிக்குமாம். அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நல்லவேளையாக என் தலையில் ஒரு பாக்கி இருந்தது. முந்தின வருஷம் எனக்கு டெங்கு வந்து பிழைத்தபோது பழனியில் மொட்டை போடுவதாக வேண்டியிருந்தாள். குழு பழனிக்குப் போகிறது, வேண்டுதலை முடித்துவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னாள். சாட்சி சொல்லக் குழுத் தலைவியே வீட்டுக்கு வந்துவிட்டார். ஊரே அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடும்.

“முருகன் கூப்புடறப்ப நாம தடுக்கக் கூடாதுங்க தம்பி” என்றார் பெரியம்மா. முருகனை எதிர்த்துப் பேசும் தைரியம் அப்பாவுக்கு இல்லை.

இந்த ஏற்பாடெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, இடுப்பு வரை தொங்கும் முடி போகப்போகிறது என்பது மட்டும். அழுது தீர்த்துவிட்டுத்தான் வேனில் ஏறினேன். ஏறியதிலிருந்து சடையைக் கையில் பிடித்தபடியே இருந்தேன். காங்கேயத்தில் இடது பக்கம் தாராபுரம் ரோட்டில் திரும்ப வேண்டிய வேன் நேராகப் போனது.

“அண்ணா, பழனி அந்தப் பக்கமுங்க!” என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினேன். வேனே சிரித்தது. அம்மா என் தொடையில் கிள்ளி, “சும்மா இரு கண்ணு” என்றாள். பல்லடம் வந்தது, சூலூர் வந்தது, முருகன் வருவதாகத் தெரியவில்லை. யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் நிம்மதியாக ஜன்னலில் வேடிக்கை பார்த்திருப்பேன்.

பூங்காவில் சேலையோடு தண்ணீரில் இறங்க விடவில்லை. டீ-ஷர்ட்டும் பேண்ட்டும் வாடகைக்குக் கொடுத்தார்கள். உடை மாற்றும் அறையை விட்டு யாரும் வெளியே வரவில்லை. ஒருத்தியை ஒருத்தி முன்னால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் முதலில் வெளியே வந்தது அம்மாதான். மஞ்சள் டீ-ஷர்ட்டில் ஒரு வாத்துப் படம். நேராகப் போய் அலைக்குள் நின்றாள். அலை வந்து முகத்தில் அறைந்தபோது கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, தோள் குலுங்கச் சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. பக்கத்திலேயே நின்று, “மொட்டை எப்பம்மா? மொட்டை எப்பம்மா?” என்று நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் போன் அடித்தது. அம்மாவின் போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பெரியம்மா கழுத்தில் மாட்டியிருந்தார். அழைத்தது அப்பா. எங்கள் ஆட்கள் கப்சிப் ஆனார்கள். ஆனால் சுற்றிலும் இருந்த கூட்டம் அலைக்கு அலை கூச்சலிட்டது.

“கூட்டமுங்க... ஆமாங்க, கேக்க மாட்டேங்குதுங்க...” என்று அம்மா தடுமாறினாள். பெரியம்மா சட்டென்று இரண்டு கைகளையும் தூக்கி, “அரோகரா!” என்றார். டீ-ஷர்ட் போட்ட எங்கள் குழு முழுவதும் தண்ணீருக்குள் நின்று “அரோகரா!” போட்டது. என்ன ஏதென்று தெரியாத காலேஜ் பையன்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். பக்தி ஏறிய அப்பாவின் குரல் கவருக்குள்ளிருந்து எனக்கே கேட்டது. “பாப்பாவுக்கு மொட்டை ஆச்சா?”

“ஆச்சுங்க. சந்தனங்கூடப் பூசியாச்சுங்க.”

போனைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவள், சொட்டச் சொட்ட நின்ற என் சடையைப் பார்த்தாள். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

கூட்டம் அதிகம், மொட்டைக்கு நேரமில்லை, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்வதாகத்தான் திட்டமாம். பஞ்சாமிர்த டப்பா, விபூதிப் பொட்டலம் எல்லாம் முதல் நாளே வாங்கி வேனில் வைத்திருந்தார்கள். ஒரு நொடிப் பதற்றத்தில் அம்மா எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாள். முடியோடு நான் வீட்டுக்குப் போனால், இனி அவள் சாமிக்குக்கூட வாசல் தாண்ட முடியாது.

“மருதமலைக்குப் போயிரலாமுங்க. அங்கயும் முருகன்தான?” என்றாள் ஒருத்தி. அம்மா ஒப்பவில்லை. பழனிக்காரனுக்கு நேர்ந்ததை வேறு மலையில் கொடுத்தால் அது துரோகம். சலூனில் எடுத்தால் வெறும் முடிவெட்டு, பாக்கி பாக்கியாகவே இருக்கும், பிறகு பழனியிலேயே தீர்த்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு.

திரும்பும் வழியில் பல்லடத்தில் ஒரு சலூன் முன்னால் வேன் நின்றது. முடிவெட்டக் காத்திருந்த ஆண்களைப் பெரியம்மா வெளியே அனுப்பினார். “பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்கக்கா மொட்டை?” என்று கேட்டான் கடைக்காரப் பையன். “பேனுங்க தம்பி” என்றார் பெரியம்மா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். முடி போன துக்கத்தைவிட அந்தப் பேன்தான் எனக்கு தாங்கமாட்டாத அவமானம். நான் போட்ட கூச்சலில் ரோட்டில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா என் தாடையை விடாமல் பிடித்துக்கொண்டாள். வேலை முடிந்ததும் அவள் தரையில் உட்கார்ந்து, யார் யாருடைய முடிக்கோ நடுவிலிருந்து என் முடியை மட்டும் பொறுக்கி ஒரு கேரி பேக்கில் போட்டுக்கொண்டாள். வேனில் பாட்டில் தண்ணீரில் சந்தனம் குழைத்துத் தலையில் பூசினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என் தலையைத் தடவிப் பார்த்தார். “பழனியில அடிச்சா அது தனிதான். என்னமா வழிச்சிருக்கான்!” என்று மெச்சினார். பஞ்சாமிர்த டப்பாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “கூட்டமா கண்ணு?” என்று கேட்டார். அம்மா தண்ணீர்ச் சொம்பை நீட்டியபடி அப்படியே நின்றாள்.

“ஆமாங்கப்பா. எல்லாரும் அரோகரா போட்டாங்க” என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அதன் பிறகு அம்மா ஓரிடத்தில் நிலையாக இருக்கவில்லை. நான் ஒரு தும்மல் போட்டால் ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு முருகன் படத்துக்கு முன்னால் போய் நிற்பாள். பால் பொங்கி வழியும். தைப்பூசத்துக்கு நடந்தே பழனி போகிறேன் என்று அவள் சொன்னபோது அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. செருப்பில்லாமல் நடந்தாள். துணிப் பையின் அடியில் அந்தக் கேரி பேக் இருந்தது. திரும்பி வந்தபோது அவள் தலையிலும் முடி இல்லை. என் முடிக்கு வட்டியாகத் தன் முடியையும் கொடுத்துவிட்டாள்.

அப்பா ஊர் முழுக்க அதைச் சொன்னார். பெரியம்மாவை வழியில் நிறுத்தி, “இனி நீங்க எங்க போனாலும் இவளையுங் கூட்டிட்டுப் போங்க” என்றாராம். பெரியம்மா அன்று சாயங்காலமே வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் அம்மா தண்ணீர்த் தொட்டியருகே நின்று குளித்துக்கொண்டிருந்தாள். சொம்பு சொம்பாக மொட்டைத் தலையில் ஊற்றினாள். கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்திருந்தாள். தோள் குலுங்கியது. முடி போனதற்கு என்னைப் போலவே அழுகிறாள் என்று நினைத்து, துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

“அழுவாதம்மா, சீக்கிரம் வளந்துரும்” என்றேன். அவள் துண்டை வாங்கி முகத்தை மூடிக்கொண்டாள். தோள் இன்னும் அதிகமாகக் குலுங்கியது. அவள் அடங்கும்வரை, எனக்கும் கண் கலங்க, நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே நின்றேன்.