புளி போட்டுத் துலக்கிய பின்விளக்கு

என் மோட்டார் காரைக் கெடுத்தது புளி. குழம்புக்குப் போடுகிற அதே புளி. இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் இன்றுவரை சிரிப்பு வரவில்லை.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்தில் பாதிப் பேருக்குச் சீட்டைக் கிழித்த வருஷம் அது. நான் வெள்ளைக்காரத் துரைக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் துரைக்கே சீட்டுக் கிழிந்தது. அவர் சீமைக்குப் புறப்பட்டபோது, எனக்கு நிறுத்தி வைத்திருந்த சம்பளத்துக்கு ஈடாகத் தன் பழைய காரை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். துணிக் கூரை, மர ஆரக்கால் வைத்த சக்கரம், பித்தளை விளிம்பு போட்ட விளக்குகள். பத்து வருஷம் அதை ஓட்டியவன் நான். அதன் இருமல் தும்மல் எல்லாம் எனக்கு அத்துப்படி என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

ஆயர் ஈத்தாம் சந்தியில் அதை வாடகைக்கு ஓட்டுவதாகத் திட்டம். அதற்குப் பெர்மிட் வேண்டும். பத்து பஹாட்டில் மாதத்துக்கு ஒருநாள் இன்ஸ்பெக்டர் வந்து கார்களைப் பார்ப்பார். அவர் தலையசைத்தால்தான் பெர்மிட்.

வேலை போனவர்களை அப்போது இலவசமாகக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்தார் கொடுத்த லயத்து வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். பெர்மிட் கிடைத்தால் சந்தியில் ஓர் அறை பிடித்து நானும் மனைவியும் ஒன்றரை வயது மகளும் இங்கேயே இருப்போம். கிடைக்காவிட்டால் அவர்கள் இரண்டு பேரும் அந்தக் கப்பலில் என் அண்ணன் வீட்டுக்குப் போவார்கள். நான் எங்காவது ஒண்டிக்கொண்டு வேலை தேடுவேன். தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியின் கப்பல் பட்டியலில் இரண்டு பேரின் பெயர்களும் ஏறிவிட்டன. "கார் பாக்குற அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் பேரை அடிக்கலாம். அதுக்கப்புறம் லிஸ்டு என் கையில இருக்காது," என்று கிராணி சொல்லியிருந்தார்.

ஊருக்குத் திரும்பிப் போகிறார்கள் என்று எல்லாரும் பேசினார்கள். என் மனைவி எங்கே திரும்புவாள்? அவள் இங்கேயே, தெப்ராவ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். கப்பலைக் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது. என் அண்ணன் வீட்டில் அவள் முகத்தை யாருக்கும் தெரியாது. அண்ணிக்கோ என்னையே பிடிக்காது. "எனக்கு அந்த ஊரு வேணாங்க," என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். நான் மார்தட்டினேன். "நம்ம காரு பாஸாகாம வேற எந்தக் காரு பாஸாகும்?"

கார் பார்க்கும் நாளுக்கு எட்டு நாள் முன்னால் ஆயுத பூஜை வந்தது. அவள் விடியற்காலையிலேயே புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு காரிடம் வந்துவிட்டாள். குத்துவிளக்கைத் துலக்குகிற மாதிரியே காரின் விளக்குகளைத் துலக்கினாள். பின்விளக்கின் விளிம்பைக் கழற்றித் தரக் கேட்டாள். கழற்றிக் கொடுத்தேன். பல்பையும் எடுத்துத் தரச் சொன்னாள். தந்தேன். "விளக்குன்னா உள்ளயும் சுத்தமா இருக்கணும்ல," என்று அந்தச் சின்னக் குழிக்குள் விரலை விட்டுத் தேய்த்துக் கழுவினாள். சந்தனமும் குங்குமமும் வைத்தபோது கார் புது மணப்பெண் மாதிரி நின்றது. கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டாள். எனக்கே பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் அந்தி சாயும் நேரத்தில் விளக்குச் சுவிட்சைத் திருப்பினேன். முன்னால் இரண்டு பெரிய விளக்கும் எரிந்தன. டாஷ்போர்டில் இருக்கும் குட்டி விளக்கு எரியவில்லை. இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். பின்விளக்கும் எரியவில்லை.

பிற்பாடு தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காரைச் செய்தவன், டாஷ்போர்டு விளக்குக்குப் போகிற கரண்டையே பின்விளக்கு வழியாகவும் ஒரே ஒயரில் ஓடவிட்டிருந்தான். பின்னால் அணைந்தால் முன்னாலும் அணையும். ஓட்டுகிறவன் தலையைத் திருப்பாமலே தெரிந்துகொள்ளட்டும் என்ற நல்ல எண்ணம். புளித்தண்ணீர் தங்கிய குழிக்குள் பச்சைக் களிம்பு ஏறி, பல்பின் அடிப்பாகம் சரியாகத் தொடாமல் போயிருந்தது. கோளாறு அவ்வளவுதான். அந்தப் புண்ணியவானின் நல்ல எண்ணத்தை என்னிடமும் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

எனக்குத் தெரிந்த நியாயம் வேறு. இரண்டு விளக்கும் ஒரே நேரத்தில் போயிருக்கின்றன. ஆகவே இரண்டும் புறப்படுகிற இடத்தில்தான் கோளாறு. அது டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு பல்பையும் கழற்றி பேட்டரியில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஜம்மென்று எரிந்தன. மாட்டினால் எரியவில்லை. அப்படியானால் சந்தேகமே இல்லை, ஒயர்தான் என்று டாஷ்போர்டைக் கழற்றினேன். உள்ளே ஒயர்கள் எலி கட்டிய கூடு மாதிரி கிடந்தன. ஒரு காலத்தில் சிவப்பும் பச்சையுமாக இருந்திருக்கும். பத்து வருஷப் புழுதியில் எல்லாம் ஒரே கறுப்பு. எது எங்கே போகிறது என்று இழுத்துப் பார்த்தேன். இழுத்ததில் இரண்டு கையோடு வந்துவிட்டன; மறுபடி முறுக்கி வைத்தேன். கார்புரேட்டர் அடைத்தால் பெட்ரோல் சொட்டும், பிரேக் தேய்ந்தால் கிறீச்சிடும். கரண்டு மட்டும் கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது. இல்லாததைத் தேடுகிறவன் போல நான்கு நாள் தேடினேன்.

"அந்தச் சீனன் கடைக்குக் கொண்டு போங்களேன்," என்றாள் என் மனைவி. சந்தியில் ஒரு சீனர் மோட்டார் பட்டறை வைத்திருந்தார்.

"பத்து வருஷமா ஓட்டுறவன் நான். இந்த விளக்குக்கு அவன்கிட்டப் போய் நிக்கணுமா?" என்று சீறினேன். நாளைக்கு அவர் பக்கத்திலேயே நின்று வாடகைக்கு ஓட்டப் போகிறவன். என் காரின் விளக்கே எனக்குத் தெரியாது என்று காட்டிக்கொள்வேனா? இந்த வீம்பு என் பரம்பரைச் சொத்து. சம்பாதிக்காமலே வந்தது.

கடைசி நாள் சாயங்காலம் நான் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துக் கிடந்தேன். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றாள். ஒவ்வொரு ஒயராக முறுக்கிவிட்டு, "எரியுதா?" என்று கத்துவேன்.

"எரியலங்க."

"நல்லாப் பாரு!"

"நல்லாத்தாங்க பாக்குறேன். எரியல."

"கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு?"

கொஞ்ச நேரத்தில் என் தலைக்கு மேலே டாஷ்போர்டு விளக்கு எரிந்தது. "எரியுது! எரியுதுங்க!" என்று பின்னாலிருந்து கூவினாள். நான் அப்போதுதான் சுவிட்சில் ஓர் ஒயரை மாற்றி முறுக்கியிருந்தேன். அதனால்தான் எரிந்தது என்று நினைத்தேன். குழந்தை விளக்கைப் பிடிக்கக் கை நீட்டியதும், அவள் அதன் கையை விலக்கும்போது விளக்கில் இடித்துக்கொண்டதும் அப்போது எனக்கு எப்படித் தெரியும்? பிற்பாடு அவள் பேச்சுவாக்கில் சொன்னாள். அவள் ஓடி வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தாள். எல்லாவற்றையும் மூடி, திருகாணிகளை இறுக்கினேன். வீட்டுக்குள் போய் அவள் கப்பலுக்குக் கட்டி வைத்திருந்த மூட்டையை அவிழ்த்துப் பாத்திரங்களை எடுத்து வைத்ததைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் பத்து பஹாட் போகும் வழியெல்லாம் இரண்டு விளக்கும் எரிந்தன. பட்டப்பகலில் அணைக்கப் பயந்து எரியவிட்டுக்கொண்டே போனேன். வரிசையில் நின்றபோது கூட எரிந்தன. என் முறை வந்தது. இன்ஸ்பெக்டர் பிரேக்கைப் பார்த்தார், ஹாரனை அடிக்கச் சொன்னார், தலையாட்டினார். பின்னால் போய்க் கதவு ஒன்றைத் திறந்து படாரென்று சாத்தினார். டாஷ்போர்டு விளக்கு அணைந்தது.

சுவிட்சைத் திருகினேன், தட்டினேன், குத்தினேன். இப்போதுதான் எரிந்தது ஐயா, இவர்களைக் கேளுங்கள் என்று வரிசையில் நின்றவர்களைக் காட்டினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் ஒரு கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இருட்டில் பின்னால் வருகிற லாரிக்காரனுக்கு உன் கார் தெரியாவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். சரி செய்துகொண்டு அடுத்த மாதம் வா என்றார். இந்த மாதம் கப்பல் இருக்கிறது என்றேன். எந்தக் கப்பல் என்று அவருக்கு விளங்கவில்லை. அடுத்த காரிடம் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தபோது அவள் வாசலில் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பாத்திரங்களை மறுபடி மூட்டை கட்டினாள். நான் கிராணி வீட்டுப் பக்கமே போகவில்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் சீனர் பட்டறைக்குப் போனேன். நான் பேசி முடிப்பதற்குள் அவர் நேராகப் பின்னால் போய்ப் பின்விளக்கைத் திறந்தார். உள்ளேயிருந்து பச்சையும் கறுப்புமாக எதையோ சுரண்டி உள்ளங்கையில் வைத்து முகர்ந்தார். "இனி அப்பா?" என்றார் மலாய் பாஷையில், இது என்ன என்று. புளிநார் ஒன்று அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. உப்புத்தாளால் நான்கு தேய் தேய்த்துப் பல்பை மாட்டினார். இரண்டு விளக்கும் எரிந்தன. "சத்து வாயர் லா. பெலாக்காங் மாத்தி, டெப்பான் மாத்தி," என்று விரலால் பின்னுக்கும் முன்னுக்கும் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். ஒரே ஒயர், பின்னால் செத்தால் முன்னாலும் சாகும். காசுகூட வாங்கவில்லை.

அங்கிருந்து நேரே கிராணியிடம் ஓடினேன். லிஸ்டு போய்விட்டது என்றார். லயத்து வீட்டுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்றார். எரிகிற விளக்கை வந்து பாருங்கள் என்று நான் அவரைக் கையைப் பிடித்து இழுத்தேன். பாவம், அவர் வந்து பார்க்கவும் செய்தார். "நல்லா எரியுது," என்றார்.

சிங்கப்பூர் துறைமுகத்துக்கு அவர்களை அந்தக் காரிலேயே கொண்டுபோனேன். மூட்டையை இறக்கி வைத்தபோதுதான் அவள் கேட்டாள்.

"கடைசில என்னதாங்க கோளாறு?"

குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. முன்பின் தெரியாத வீட்டுக்குப் போகிறாள். அங்கே அவளுக்கென்று ஓர் ஆள் கிடையாது. அதோடு இந்தப் புளிக் கதையையும் கட்டிக் கொடுத்து அனுப்ப என்னால் முடியவில்லை.

"சுவிட்சுதான். நாந்தான் ஒயரை மாத்தி முறுக்கிட்டேன்," என்றேன்.

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். கண் கலங்கவில்லை.

"கடைக்குக் கொண்டு போங்கன்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

"சொன்ன."

"உங்க வீம்புக்கு நானும் புள்ளையும் போறோம்."

"ஆமா," என்றேன்.

மூட்டையை நான் தூக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டுத் தானே தூக்கிக்கொண்டாள். கூட்டத்தோடு கூட்டமாக நடந்து கப்பல் ஏணியில் ஏறினாள். உச்சிவரை ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருப்பேன். என் தைரியம் அவ்வளவுதான்.