பட்டைத் தண்ணீரில் ஊறிய கட்டைவிரல்

எனக்குக் கிளாரினெட் வாசிக்கத் தெரியாது. அதைக் கையில் பிடித்ததுகூடக் கிடையாது. ஆனால் அதில் இடது கட்டைவிரலை எப்படி வைக்க வேண்டும் என்று கேட்டால், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லிவிடுவேன். இத்தனை வயதுக்கு ஒருவரும் வந்து கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

கிளாரினெட்டின் முன்பக்கத்து ஓட்டைகளை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்ளும். முதுகுப் பக்கத்தில் ஒரே ஓர் ஓட்டை. அதற்கு இடது கட்டைவிரல்தான் காவல். ஓட்டைக்குச் சற்று மேலே சின்னதாக ஒரு சாவி இருக்கும். அதை அமுக்கினால் ஒலி ஒரே தாவலாகத் தாவி மேலே போகும். புதிதாகக் கற்கிறவர்கள் கட்டைவிரலை ஓட்டையிலிருந்து எடுத்துச் சாவியின் மேல் வைப்பார்கள். உடனே ஓட்டை திறந்துகொள்ளும், கருவி கீச்சென்று கத்தும். விரலை எடுக்கவே கூடாது. கொஞ்சம் சாய்வாக வைத்து, சதை ஓட்டையை மூடியது மூடியபடி இருக்க, நுனியை மட்டும் உருட்டிச் சாவியைத் தொட வேண்டும்.

இதெல்லாம் என் அண்ணன் எனக்குச் சொன்னது. ஆம்பூரில் எங்கள் சர்ச்சுக்கு ஒரு பேண்டு செட் இருந்தது. அதில் அண்ணன் கிளாரினெட் கற்றுக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் கருவியை வீட்டுக்குத் தர மாட்டார்கள். அதனால் ஒரு மூங்கில் குழாயை வெட்டி, கரியால் ஓட்டைகளை வரைந்து, சாவி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புளியங்கொட்டையை ஒட்டி வைத்துக்கொண்டான். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, தோளுக்கு மேல் தலையை நீட்டி, கட்டைவிரலைத் தூக்குகிறானா என்று பார்க்க வேண்டும். தூக்கினால் காதில் ஒரு சுண்டு சுண்டலாம். எட்டு வயதில் அண்ணன் காதைச் சுண்டும் உத்தியோகம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? நான் வெகு நேர்மையாக அந்த வேலையைப் பார்த்தேன்.

அண்ணனும் நைனாவும் ஒரே தோல் ஷாப்பில் வேலை பார்த்தார்கள். நைனா சின்ன வயதில் பத்து வருஷம் பட்டைக் குழியிலும், பிறகு பதினைந்து வருஷம் சுண்ணாம்புக் குழியிலும் நின்றவர். பச்சைத் தோலை முதலில் சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டு மயிரை உதிர வைப்பார்கள். பிறகு ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பதப்படுத்துவார்கள். சுண்ணாம்புக் குழி ஆளைத் தின்றுவிடும். நைனாவின் முழங்காலுக்குக் கீழே அதுவரை புண் ஆறி நான் பார்த்ததில்லை. அண்ணனுக்கு மீசை அரும்பியதும் மேஸ்திரி ஓர் ஏற்பாடு செய்தார். மகன் சுண்ணாம்புக் குழியில் இறங்கினால் தகப்பன் நிழலில் தோல் காயவைக்கும் வேலைக்குப் போகலாம். மகன் நின்றுவிட்டால் தகப்பன் பழையபடி குழிக்கு வர வேண்டும். அண்ணன் இறங்கினான். எங்கள் வீட்டிலிருந்து ஓர் ஆள் அந்தக் குழிக்குள் நிற்பது எங்களுக்கு வெயில், மழை மாதிரி சாதாரண விஷயம். நைனாவின் கால் புண் அப்போதுதான் காய ஆரம்பித்திருந்தது.

அந்த வருஷம் ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு சேதி வந்தது. அங்கே ரயில்காரர்கள் தங்களுக்கென்று ஒரு பேண்டு சேர்க்கிறார்களாம். கிளாரினெட் ஊத ஓர் ஆள் வேண்டுமாம். தேறினால் ரயிலடியிலேயே வேலையும் கிடைக்குமாம். பேண்டு மாஸ்டர் அண்ணனிடம், “போயிட்டு வாடா. உன் மூச்சு சோக்கா இருக்குது” என்று சொல்லி அனுப்பினார். பதினைந்து நாளில் வாசித்துக் காட்ட வேண்டும். அண்ணன் அன்றைக்குச் சாப்பிடாமல் மூங்கில் குழாயோடு உட்கார்ந்தான். சுண்ணாம்புக் குழியை விட்டு வெளியே போக ஒரு வழி உண்டு என்று அவன் முகத்தில் அன்றுதான் முதன்முதலாகத் தெரிந்தது.

சங்கடம் அவன் கட்டைவிரலில் இருந்தது. சுண்ணாம்பு அதன் சதையை அரித்து, நடுவில் ஊசி முனையளவு இரண்டு மூன்று ஓட்டைகள் போட்டிருந்தது. கிளாரினெட்டின் ஓட்டையை அந்த விரலால் மூடினால் விரலிலுள்ள ஓட்டை வழியே காற்று கசியும்.

“ஓட்டைய மூட ஓட்ட விரலக் குட்த்துக்கிறான் பாரு ஆண்டவன்” என்று அண்ணன் சிரித்தான். பிறகு அழுதான்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த யோசனையை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. நைனாவின் கட்டைவிரலில் ஓட்டையே கிடையாது. பழுப்பேறி, வழுவழுவென்று, மரக்கட்டை மாதிரி இருக்கும். அடுப்பிலிருந்து கங்கை விரலாலேயே எடுத்துப் பீடி பற்றவைப்பார். தெருப் பிள்ளைகளைக் கூட்டி வந்து அதை வேடிக்கை காட்டியிருக்கிறேன். தோல் ஷாப்புப் பிள்ளைகளான எங்களுக்குப் பள்ளிக்கூடப் பாடம் தெரியாவிட்டாலும் இது தெரியும்: சுண்ணாம்பில் நைந்த தோல் பட்டைத் தண்ணீரில் ஊறினால் கெட்டியாகிவிடும். மாட்டுத் தோலுக்கு ஆகிறது மனிதத் தோலுக்கு ஆகாதா?

நைனாவிடமே கேட்டேன். அவர் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

“நைனா, பட்டத் தண்ணில வச்சா வெரல்ல இருக்கிற ஓட்ட மூடிக்குமா?”

“மூடிக்கும்.”

“அப்ப அண்ணனுக்கு வைக்கலாமா?”

எண்ணெய் தடவிய கை நின்றது. கொஞ்ச நேரம் புண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “வை. பழைய தண்ணி வாணாம். புதுசா எறங்கின கெட்டித் தண்ணியா மொண்டுக்கினு வா” என்றார்.

அண்ணன் முதலில் நம்பவில்லை. “இன்னா நைனா, இவ சொல்றது நெஜமா?” என்று அவன் கேட்டதற்கு, “நாயமாத்தான் சொல்றா” என்று நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நைனாவே சொன்ன பிறகு அவன் ஏன் மறுக்கப் போகிறான்?

மத்தியானம் இருவருக்கும் கூழ் கொண்டுபோகிற தூக்கில், திரும்பி வரும்போது பட்டைத் தண்ணீர் மொண்டு வருவேன். சாயங்காலம் அதைக் கொதிக்கக் காய்ச்சி, கை பொறுக்கிற சூட்டில் அண்ணன் கட்டைவிரலை ஊறவைப்பேன். தூங்கும்போது அதே தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றிக் கட்டிவிடுவேன். விரல் ஊறட்டும் என்று, ஜோலார்பேட்டை போகிற நாள்வரை மூங்கில் குழாயை அவன் தொடவில்லை. ஐந்தாம் நாள் விரல் பழுப்பேறியது. எட்டாம் நாள் ஓட்டைகள் சுருங்கின. பன்னிரண்டாம் நாள் ஒன்றுகூட இல்லை. அந்த விஷயத்தில் நைனா பொய் சொல்லவில்லை. நான் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். “கல்லு மாதிரி ஆய்ட்ச்சு!” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

ஜோலார்பேட்டைக்குப் போகும்போது அண்ணன் என்னையும் ரயிலில் கூட்டிப்போனான். வைத்தியம் பார்த்ததற்கு அதுதான் என் கூலி. சர்ச்சிலிருந்து இரவல் வாங்கிய கிளாரினெட்டைத் துணியில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

அங்கே ஒரு கூடத்தில் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அண்ணன் ஒரு ஞானப்பாட்டை எடுத்தான். கீழே இருக்கும் ஒலிகளெல்லாம் கொழுகொழுவென்று வந்தன. ஒரு கசிவு இல்லை. பெரியவர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். வாசலில் நின்ற எனக்கு, அந்தத் தலையாட்டல் எல்லாம் என் பட்டைத் தண்ணீருக்குத்தான் என்று மார்பு விம்மியது.

பிறகு பாட்டு மேலே போக வேண்டிய இடம் வந்தது. கட்டைவிரல் உருள வேண்டும். உருளவில்லை. அதில் உருளுவதற்குச் சதையே இல்லை. மொத்த விரலும் ஒரு துண்டுக் கட்டையாக ஓட்டையை விட்டு வழுக்கியது. கிளாரினெட் கீச்சென்று கத்தியது. மறுபடி முதலிலிருந்து எடுத்தான். அதே இடத்தில் மறுபடி கத்தியது. மூன்றாம் தடவை பெரியவரே கையை உயர்த்தி நிறுத்தினார். என் கை என்னை அறியாமல் சுண்டுவதற்கு விரலை மடக்கியிருந்தது.

பெரியவர் எழுந்து வந்து அண்ணன் கட்டைவிரலைப் பிடித்து நகத்தால் அழுத்தினார்.

“தெரியுதா?”

“இன்னா சார்?”

“நான் கிள்ளுறது.”

அண்ணன் குனிந்து தன் விரலைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது.

“உதடு நல்லா இருக்குப்பா. மூச்சு ரொம்ப நல்லா இருக்கு. ஓட்டை எங்க இருக்கு, சாவி எங்க இருக்குன்னு விரலுக்குத் தெரியணுமே. இது எப்படி ஆச்சு?”

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான். “ஷாப்புல ஆய்ட்ச்சு சார்” என்றான்.

திரும்பி வரும்போது ரயிலில் அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இத்தனை வருஷம் என் நெஞ்சு இப்படி அறுபட்டிருக்காது. கட்டைவிரலை ஜன்னல் கம்பியில் தட்டிக்கொண்டே வந்தான். வாணியம்பாடி வந்தது, போனது. அவன் தட்டுவதை நிறுத்தவில்லை.

வீட்டில் நைனா அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தார். என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. அண்ணன் கிளாரினெட்டை மூலையில் சாய்த்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினான்.

“மரத்துப் போச்சு நைனா. எத்தினி நாள்ல சரியாவும்?”

“ஆவாது” என்றார் நைனா. அடுப்பிலிருந்து ஒரு கங்கை எடுத்துப் பீடி பற்றவைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் அண்ணன் சுண்ணாம்புக் குழியில் இறங்கினான். நைனா நிழலுக்குப் போனார். அந்த மாசத்திலேயே அவர் கால் புண் முழுக்க ஆறியது. கிளாரினெட்டை நான்தான் சர்ச்சில் கொண்டுபோய்க் கொடுத்தேன், துணியைக்கூட அவிழ்க்காமல். நைனா போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. செத்தவர் மேல் கோபம் வைத்திருக்கக் கூடாது என்கிறார்கள். நான் வைத்திருக்கிறேன். அந்தக் கால் புண்ணின் நாற்றமும் எனக்கு நினைவிருப்பதால், கோபமாக மட்டும் இருக்கவும் முடியவில்லை.

ஆனால் அன்று சாயங்காலம் எனக்குக் கோபமே வரவில்லை. அண்ணன் நீட்டிய கையை நைனா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தேன். விரலைப் பார்க்காமலே ஆகாது என்று சொல்லிவிட்டாரே, எங்கள் நைனாவுக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லை என்று தெருப் பிள்ளைகளிடம் இரண்டு நாள் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.