பிலோமினாவின் இரட்டைக்கம்பி சைக்கிள்

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கொஞ்ச நேரத்தில் பிலோமினாவின் தங்கை மகள் ஸ்டெல்லா போன் செய்தாள். "கமலாம்மா, பெரியம்மா போயிட்டாங்க. காப்பி போட்டுக் குடுத்துட்டு கோயிலுக்குப் போனேன். வந்து பாக்குறேன், நாற்காலியிலயே தூங்குற மாதிரி இருக்காங்க" என்றாள். அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது நிம்மதி. வெளியில் சொன்னால் தப்பாக நினைப்பார்கள், ஆனால் அவளோடு வேலை பார்த்த உங்களுக்குப் புரியும். வருஷக்கணக்கில் படுக்கையில் கிடக்க நேருமோ என்ற ஒரே பயம்தான் அவளுக்குக் கடைசி வரை இருந்தது. அது நடக்கவில்லை. காப்பியையும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

எழுபதுகளில் நாங்கள் இருவரும் கிராம நர்சுகளாகச் சேர்ந்தோம். எனக்கு வரிச்சிக்குடிப் பக்கம், அவளுக்குப் பூவம் பக்கம். அவள் வீடு காரைக்கால் டவுனில். பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவைக் காலையில் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, சைக்கிளில் பூவத்துக்குக் கிளம்புவாள். கல்யாணம் பற்றி யாராவது பேச்செடுத்தால், "எங்கம்மாவையும் சேத்துக் கட்டிக்கிறவரு இருந்தா வரச் சொல்லுங்க" என்பாள். அப்படி ஒருவரும் வரவில்லை. அவள் அதற்காக வருத்தப்பட்டும் நான் பார்த்ததில்லை.

ஒரு பிரசவத்துக்கு அவளுக்கு ஒத்தாசையாகப் போயிருந்தேன். மாமியார்க்காரி வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்து நடந்து, "ஏதாவது பண்ணுங்களேன் நர்சம்மா" என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். பிலோமினா அந்தப் பெண்ணின் முதுகைத் தடவியபடியே, "பண்றதையெல்லாம் ஒங்க மருமவ பண்ணிக்கிட்டிருக்கா. வராததை இழுக்கப்படாது, நீங்க போயி வெந்நி போடுங்க" என்றாள். வெந்நீர் கொதிப்பதற்குள் குழந்தை பிறந்துவிட்டது.

அவளுக்கு வந்த சோதனை சைக்கிளால் வந்தது. ஆபீசில் கொடுத்த லேடீஸ் சைக்கிள் இரும்புக் கட்டில் கனம். ஒரு மழைக்காலத்தில் பூவத்துக்கு உள்ளே ஒரு வீட்டுக்குப் போகும் வழியில் வாய்க்கால் நிரம்பி ஓடியது. பாலம் என்று இருந்தது இரண்டு பனைமரத் துண்டுகள். அதன் மேல் அந்தச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போக அவளால் முடியவில்லை. கரையிலேயே போட்டுவிட்டுச் சேற்றில் நடந்து போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்து, தாய்க்கு உதிரம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. எப்படியோ நிறுத்தி, மாட்டு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனாலும் நர்ஸ் நேரத்துக்கு வரவில்லை என்று புகார் போனது.

பூவத்துக்கு வேறு ஆள் போட்டு, பிலோமினாவை ஏனாமுக்கு மாற்றலாம் என்று பேச்சு கிளம்பியது. நம் ஊரில் சர்க்கார் வேலை பார்ப்பவர்களுக்கு ஏனாம் என்றாலே பயம். ஒரே புதுச்சேரி அரசாங்கம்தான், ஆனால் ஊர் ஆந்திராவுக்குள் இருக்கிறது. அசையாமல் கிடக்கும் அம்மாவை ரயில் மாற்றி ரயில் ஏற்றி அங்கே கொண்டுபோக முடியாது, தங்கை கல்யாணமாகி வெளியூரில் இருந்ததால் விட்டுவிட்டும் போக முடியாது. வேலையை விட்டால் சாப்பாட்டுக்கு வழியில்லை. எங்கள் டாக்டரம்மா நல்லவர். "அடுத்த மழைக்காலம் வரைக்கும் தள்ளிப் போடுறேன் பிலோமினா. அதுக்குள்ள ஏதாவது வழி பண்ணிக்க" என்றார்.

பிரான்சில் வேலை பார்த்த அவள் சித்தி மகன் அருளப்பன் கோடை லீவில் வரும்போது நல்ல எஃகில் செய்த ரோடு சைக்கிள் பிரேம் ஒன்று கொண்டுவருவதாகச் சொன்னான். முழு சைக்கிளைக் கொண்டுவர வழியில்லை, பிரேம் மட்டும்தான், மற்றதை இங்கேயே மாட்டிக்கொள்ளலாம் என்றான். கடைப் புத்தகத்திலிருந்து மூன்று படங்களையும் அனுப்பியிருந்தான். ஒன்று ஆண்கள் ஓட்டும் பந்தய பிரேம், இருப்பதில் லேசு அதுதான். ஆனால் குறுக்கே பார் இருக்கிறது, புடவை கட்டிக்கொண்டு ஏற முடியாது. இரண்டாவது நம் லேடீஸ் சைக்கிள் போல வளைந்தது. மூன்றாவதில் குறுக்கு பாருக்குப் பதில் இரண்டு மெல்லிய கம்பிகள், முன்கழுத்திலிருந்து இரு பக்கமும் சரிந்து பின்சக்கரம் வரை ஓடின. அப்படி ஒன்றை நாங்கள் பார்த்ததே இல்லை.

நான் வளைந்ததைத்தான் வாங்கச் சொன்னேன். பழகினதை விட்டுவிட்டு எதற்கு வேண்டாத வேலை என்று எனக்கு. அவள் ஒரு மாதம் அந்தப் படங்களைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தாள். ஒரு நாள் என் வீட்டுக் கொல்லையில் நின்று துணி உலர்த்தும் மூங்கிலைத் தோளில் வைத்து, நேராகவும் சரிவாகவும் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். "என்னடி இது கூத்து?" என்றேன். "ஓட்டுறதுக்கு மூணுமே சரிதான் கமலா. தோள்ல போட்டு வாய்க்காலைத் தாண்டணும், புடவையோட ஏறணும், நான் ரிட்டையர் ஆவுற வரைக்கும் ஒழைக்கணும். வளைஞ்சது தோள்ல நிக்காது. ரெட்டைக்கம்பிதான் எனக்குத் தோது" என்றாள். அதற்கப்புறம் மனசை மாற்றிக்கொள்ளவில்லை.

பிரேம் வந்தது. நீல நிறம். ஒரு கையால் தூக்கிப் பார்த்த எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, அவ்வளவு லேசு. பிரான்சிலிருந்து வருவதெல்லாம் உசத்தி என்று நினைக்கிற ஊர் நம் ஊர். அதன் திருகு மரை நம் சாமான்களுக்குச் சேருமா என்று ஒருவர்கூட யோசிக்கவில்லை. சைக்கிள் கடை மைதீன் பாய், பெடல் அச்சைத் தாங்கும் கப்பை மாட்டப் பார்த்தார். ஏறவில்லை. பலமாக முறுக்கப் போனவரை பிலோமினா தடுத்தாள். "வேணாம் பாய், மரை போயிரும்." பாய் கப்பையும் பிரேமையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "பிரான்சுக்காரன் மரையே வேறம்மா. இங்க உள்ளது எதுவும் இதுல சேராது" என்று ஸ்பேனரைக் கீழே வைத்தார். அருளப்பன் அதற்குள் விமானம் ஏறியிருந்தான். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் பிரேமைத் திரும்பச் சாக்கில் சுற்றத் தொடங்கினேன். அவள்தான், "அப்ப பழைய பிரான்ஸ் சைக்கிள் ஒண்ணைத் தேடுவோம். பிரான்சுக்காரன் ஆண்ட இந்த ஊர்ல அதுக்கா பஞ்சம்?" என்றாள்.

பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த சவரிநாதர் வீட்டுக் கொட்டகையில் கோழிகள் அடையும் சைக்கிள் ஒன்று இருந்தது. கேட்டதும், "எம் பேரனை மொதல்ல கையில வாங்குனவ நீதானே. எடுத்துக்க தாயி, கோழிக்கு வேற எடம் பாக்குறேன்" என்றார். அதிலும் ஒரு சிக்கல், சங்கிலிப் பக்கத்துக் கப் கழலவில்லை. பாய் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, நம் சைக்கிளுக்குத் திருப்புகிற பழக்கத்திலேயே திருப்பிக்கொண்டிருந்தார். அது மேலும் இறுகியது. கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கி, எதிர்ப்பக்கம் திருப்பியதும் சுலபமாக வந்துவிட்டது. "அல்லாஹ்! மொத்தமும் தலைகீழா!" என்று அவர் கத்தியதில் கொட்டகையே சிரித்தது. கப், அச்சு, ஹேண்டில்பார் எல்லாம் புதுப் பிரேமில் அளவெடுத்தது போல உட்கார்ந்தன.

ஐப்பசியில் மழை கொட்டியது. அதே வாய்க்கால், அதே பனைமரத் துண்டுகள். டாக்டரம்மா பார்வையிட வந்திருந்தார், கூட நானும் நின்றேன். பிலோமினா புடவையைச் செருகிக்கொண்டு, இரட்டைக்கம்பிக்கு நடுவே கையை விட்டுச் சைக்கிளைத் தோளில் ஏற்றி, மருந்துப் பையோடு பாலத்தில் நடந்தாள். அக்கரையில் இறக்கி, ஏறி உட்கார்ந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள். டாக்டரம்மா தன் குடையை மடக்குவதும் விரிப்பதுமாக இருந்தார்.

தை மாதம் மாற்றல் உத்தரவு வந்தது. ஏனாமுக்குப் போகிறவர்களில் அவள் பெயர் இல்லை. அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை அவள் பூவத்தை விடவில்லை, அந்தப் பிரேமையும் மாற்றவில்லை. வர்ணம் மட்டும் அடித்தாள். எண்பதுகளில் அம்மா அவள் மடியிலேயே கண்ணை மூடினார். சைக்கிள் இப்போது ஸ்டெல்லாவிடம் இருக்கிறது, இருக்கட்டும்.

நான் வைத்திருப்பது வேறு. உத்தரவு வந்த அன்று அவளோடு அவள் வீட்டுக்குப் போனேன். சந்தோஷத்தில் அழுவாள், மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே கட்டிலுக்குப் போய், அம்மாவின் காதருகே குனிந்து, "அம்மா, நாளைக்கும் நாந்தான் ஒனக்குத் தலை வாரி விடுவேன்" என்றாள். அந்தக் குரல் எனக்கு இன்னும் அப்படியே கேட்கிறது. அதை நான் யாருக்கும் தரமாட்டேன்.